ஈரத் தலையை யாரும் பார்த்ததில்லை

அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். "அன்ரி எண்டு மட்டும் கூப்பிடாதேயும், எனக்கு இன்னும் நாப்பது ஆகேல்லை" என்று முதல் நாளே கட்டளை போட்டுவிட்டார். ஆனால் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுவல்ல. சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில்லில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை வாடகைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ரயில் நிலையத்திலிருந்து அரை மணி நேரம் வெயிலில் நடந்துபோய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றிக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தத் தலையோடையோ ஸ்டேஷனில இருந்து நடந்து வந்தனீர்?"

நான் மதுரைக்காரி. எண்ணெய் வைத்துப் படிய வாரினாலும் பத்து நிமிடத்தில் எழுந்து நிற்கிற முடி எனக்கு. பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் குருவிக்கூடு. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நிறுத்தி வைத்து இப்படிக் கேட்டதில்லை. "நான் ரூம் பார்க்க வந்தேன்க்கா" என்றேன். "ரூம் எங்கையும் ஓடாது. முதல்ல வந்து உதில இரும்" என்று உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார். முக்கால் மணி நேரம். முடியை வகிர்ந்து வகிர்ந்து கிளிப் மாட்டி, சூடான ஸ்ட்ரெயிட்னரை வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக இழுத்தார். கை நடுங்கவில்லை, ஒரு இடத்திலும் சுடவில்லை. கண்ணாடியில் பார்த்தபோது என் அம்மாவுக்கே என்னை அடையாளம் தெரிந்திருக்காது. "இப்ப சொல்லும், என்ன படிக்கிறீர்?" என்று அதற்குப் பிறகுதான் கேட்டார். நர்சிங் என்றேன். அறை கிடைத்துவிட்டது.

இரண்டு வருடம் அங்கே இருந்தேன். இன்று மெல்பனில், மல்கிரேவில் குடும்பமாக இருக்கிறேன். தலை குளித்த நாட்களில் அக்காவை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. அன்போடு நினைக்கிறேனா என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வராது.

அக்காவின் முடி தோளுக்குக் கீழே நாலு விரல் வரை இருக்கும். ஒரு இழை பிசகி நின்று நான் பார்த்ததில்லை. காலையில் எழுந்ததும் எல்லோரும் போனில் வெயில் எத்தனை டிகிரி என்று பார்ப்பார்கள். அக்கா காற்றில் ஈரம் எத்தனை சதவீதம் என்று பார்ப்பார். எழுபதைத் தாண்டினால் முகம் கறுத்துவிடும். எண்பத்தைந்து என்றால் போக வேண்டிய பிறந்தநாள் விழாவுக்குத் திடீரென்று தலைவலி வந்துவிடும். கடற்கரைக்குக் குடும்பமாகப் போனால் அக்கா காரை விட்டு இறங்கமாட்டார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்து மிக்ஸர் சாப்பிடுவார். அவர் கணவர், நான் அண்ணா என்று கூப்பிடும் சாதுவான மனிதர், கண்ணாடியைத் தட்டி, "காத்து நல்லா இருக்கப்பா, இறங்குமன்" என்பார். அக்கா உள்ளிருந்தே கையை ஆட்டுவார். சிலருக்கு நாய் பயம், சிலருக்கு உயரம் பயம், இவருக்குத் தண்ணீர் பயம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்களுக்கு ஒரே மகள். நான் போனபோது ஆறு வயது. சின்னவள் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அம்மாவைப் போலவே வழவழவென்று நேர் முடி. அந்தக் குழந்தைக்கு நான்கு வயதுக்குள் மூன்று முறை மொட்டை போட்டிருந்தார்கள். மூன்றும் நேர்த்திக்கடன். கோயிலில் அக்காவின் பக்தியைப் பற்றி மற்றப் பெண்கள் பேசிக்கொள்வார்கள். ஒரு பிள்ளைக்கு இத்தனை நேர்த்தி வைக்கிற தாயை நாங்கள் கண்டதில்லை என்பார்கள். நானும் நம்பினேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்.

தெரியவந்தது ஒரு பிப்ரவரி மாதம். முதல் நாள் மாலை புயல் அடித்து, தெருவில் மரம் விழுந்து, கரண்ட் போய்விட்டது. விடியற்காலை ஐந்து மணிக்கு என் அறைக் கதவைப் படபடவென்று தட்டினார்கள். திறந்தால் அக்கா. தலையில் துவாய் சுற்றியிருந்தது. ஒரு கையில் ஸ்ட்ரெயிட்னர். மறு கையால், தூக்கம் கலையாத சின்னவளைத் தோளில் போட்டிருந்தார். அவள் தலையிலும் துவாய்.

"பிள்ளை, உம்மடை வேலையிடத்தில ஜெனரேட்டர் இருக்கோ?"

நான் பகுதி நேரமாக ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருக்கிறது என்றேன். யாருக்காவது உடம்பு முடியவில்லையோ, மூச்சு மெஷின் ஏதாவது ஓட வேண்டுமோ என்று என் மனம் எங்கெங்கோ போயிற்று.

"இவர் நைட் வேலை முடிஞ்சு ஆறரைக்கு வந்திடுவார். நேற்று ரெண்டு பேரும் முழுகினனாங்கள். காயவைக்க முதல் கரண்ட் போட்டுது. கெதியா வெளிக்கிடும்."

"தலை ஈரமா இருந்தா என்னக்கா? தானா காஞ்சிடுமே."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு துவாயை அவிழ்த்தார்.

என் முடியைச் சுருட்டை என்று இருபத்து நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுருட்டையே இல்லை. அக்காவின் தலையில் ஒவ்வொரு இழையும் பென்சிலில் சுற்றி எடுத்தது மாதிரிச் சுருண்டு, அடர்ந்து, காதையும் கழுத்தையும் மறைத்து நின்றது. முகமே மாறிவிட்டது. இத்தனை நாள் நான் பார்த்தது வேறு யாரையோ என்று தோன்றியது. "எவ்வளவு அழகா இருக்குக்கா" என்றேன். மனதார வந்த வார்த்தை.

"விசர்க் கதை கதையாதேயும்" என்று சீறினார். கண் கலங்கியிருந்தது. "காரில ஏறும்."

முதியோர் இல்லத்து ஊழியர்களின் குளியலறையில் அக்கா தன் தலையை இழுத்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. பிறகு சின்னவளைக் கழுவுதொட்டி மேல் உட்கார வைத்து இழுத்தார். குழந்தையின் முடியும் அதே முடி; அந்த மூன்று மொட்டையும் எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது. நான் கதவுக்கு வெளியே காவல் நின்றேன். நர்சிங் படிக்க வந்தவளுக்கு என்னென்ன வேலையெல்லாம் வாய்க்கிறது பாருங்கள். திரும்பும் வழியில் அக்கா கைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்தார். மூன்று பேர் நெற்றியிலும் பூசினார். வீட்டு வாசலில் அண்ணா பதறிப்போய் நின்றார். "கோயிலுக்குப் போட்டு வாறம்" என்று அக்கா சொன்னார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

பன்னிரண்டு வருடம் கூடவே வாழ்கிற கணவனுக்குத் தெரியாமல் இருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அண்ணாவுக்கு ஒரு கிடங்கில் இரவு வேலை. அவர் மாலையில் போன பிறகு முழுகி, காயவைத்து, அவர் வருவதற்குள் இழுத்து முடித்துவிடுவார். நிரந்தரமாக நேராக்கும் மருந்து ஒருமுறை போட்டுக் கொத்தாக முடி கொட்டியதால், சூடு ஒன்றுதான் வழி. இடையில் அண்ணாவுக்குப் பகல் வேலை தருவதாகச் சொன்னார்கள். இரவில்தான் உங்களுக்கு உடம்புக்கு ஒத்துக்கொள்கிறது என்று பேசிப் பேசி அதை வேண்டாமென்று சொல்ல வைத்தவர் அக்கா.

"பிரசவத்தப்போ என்ன செஞ்சீங்க?" என்றேன்.

"வலி வந்தாப் பிறகு இருவது நிமிஷம் தலை இழுத்தனான். பேந்து இறுக்கிக் கொண்டை போட்டு, மேல துணி கட்டினனான். அவருக்கு, இது எங்கடை ஊர் வழக்கம் எண்டு சொன்னனான்."

"நம்பினாரா?"

"ஆம்பிளையள் முடி இருக்கோ எண்டுதான் பாப்பினம் பிள்ளை. அது ஈரமோ காய்ஞ்சதோ எண்டு பாக்க மாட்டினம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். பிரசவ வலியில் ஒரு பெண் கண்ணாடி முன் நின்று, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தலையை இழுத்துக்கொண்டிருந்தாள் என்பது என் அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

காரணத்தை வேறொரு நாள் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவரை முதலில் பெண் பார்க்க வந்த குடும்பம், மழை நாளில் வந்தது. போகும்போது வாசல் படலையடியில் நின்று, "பெட்டை பரவாயில்லை, தலைதான் தும்புத்தடி" என்று சொல்லிச் சிரித்தார்களாம். தரை கூட்டுகிற தும்புத்தடி. அது அக்காவின் காதில் விழுந்தது. அடுத்த சம்பந்தம் சிட்னியிலிருந்து வந்தபோது கொழும்புக்குப் போய்த் தலையை நேராக்கிப் படம் எடுத்து அனுப்பினார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து, நல்ல வடிவான தலைமயிர் என்று கடிதம் வந்தது. கடிதத்தில் எழுதியிருந்தது அது ஒன்றுதான் தனக்கு ஞாபகம் என்றார் அக்கா. படத்தில் இருந்த பெண்ணாகவே விமானம் ஏறினார். அப்படியே இருந்துவிட்டார்.

எனக்கு அவர் மேல் பாவமாக இருந்தது. ஆனால் சின்னவள் விஷயம் வேறு. பள்ளியில் நீச்சல் வகுப்பு வரும்போதெல்லாம் அக்கா காதுவலி என்று கடிதம் எழுதி அனுப்புவார். மற்றப் பிள்ளைகள் நீந்துவதை அவள் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பாள். "தண்ணியில இறங்கினாக் காது கேக்காமப் போயிடும்" என்று என்னிடம் மிகவும் பொறுப்பாகச் சொன்னாள். அவளுக்குக் காதில் ஒரு கோளாறும் இல்லை. இதையும் தெரிந்துகொண்டு சும்மா இருந்தவள்தான் நான்.

பள்ளி விடுமுறைக்கு அண்ணாவின் அக்கா, மெல்பனில் டார்னெய்ட்டில் இருப்பவர், தன் இரண்டு பிள்ளைகளோடு வந்து தங்கினார். அக்காவுக்கு மச்சாள் முறை. கொஞ்சம் அதட்டலான பேச்சு, ஆனால் பிள்ளைகள் என்றால் உயிர். ஒரு நாள் அக்கா வேலைக்குப் போயிருந்த நேரம், மூன்று பிள்ளைகளையும் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கொல்லையில் படுக்கை விரிப்பைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். சின்னவள் ஈர உடையோடு புல்லில் ஓடிவந்தாள். வெயிலில் முடி காயக் காய ஒவ்வொரு சுருளாக எழுந்துகொண்டிருந்தது. தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி, "லுக், இட்ஸ் பவுன்சிங்" என்று என்னைக் கூப்பிட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பியபோது மச்சாளின் முகம் கண்ணில் பட்டது.

அண்ணா தூங்கி எழுந்து, தேநீர்க் கோப்பையோடு பின்கதவில் நின்றார்.

"தம்பி," என்றார் மச்சாள். குரலை உயர்த்தவே இல்லை. "இது ஆற்றை தலை?"

யாருடைய தலை என்று கேட்கிறார். அண்ணாவுக்கு முதலில் புரியவில்லை. "ஏன், சின்னவள்தானே" என்றார்.

"எங்கடை ஆக்களில ஒருத்தருக்கும் உப்பிடி இல்லை. உன்ரை மனிசிக்கும் இல்லை. அப்ப ஆற்றை தலை எண்டு கேக்கிறன்."

அண்ணா சிரிக்கப் பார்த்தார். சிரிப்புப் பாதியில் நின்றது. பிள்ளையைப் பார்த்தார். பிறகு கோப்பைக்குள் பார்த்தார். நான் ஈர விரிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பத்தடி தூரத்தில் நிற்கிறேன். ஒரு வாக்கியம் போதும். அக்காவின் தலைதான் அண்ணா, அவர் ஒவ்வொரு நாளும் இழுக்கிறார் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். வாயைத் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அக்காவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன் என்பது ஒரு காரணம். சாயங்காலம் அக்கா வந்து அவரே சொல்லிவிடுவார் என்று உறுதியாக நம்பியது இன்னொரு காரணம். எந்தப் பெண்தான் சொல்லமாட்டாள்?

அக்கா வந்தார். வாசலிலேயே பிள்ளையின் தலையைப் பார்த்தார். கைப்பை கீழே விழுந்தது. மச்சாள் அதே கேள்வியை அக்காவிடமும் கேட்டார். அண்ணா அவரைத் தடுக்கவில்லை. நான் சமையலறை வாசலில் நின்று அக்காவின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வார், இதோ சொல்வார்.

"உங்களுக்குச் சந்தேகம் எண்டா டி.என்.ஏ. டெஸ்ட் செய்யுங்கோ" என்றார் அக்கா.

அதுவரை அந்த வீட்டில் யார் வாயிலும் அந்தச் சொல் வரவில்லை. மச்சாள்கூட அவ்வளவு தூரம் போகவில்லை. கழுத்தில் கிடந்த துணியால் தலையை இறுக்கிச் சுற்றிக்கொண்டு அக்கா அறைக்குள் போய்விட்டார்.

பரிசோதனைப் பெட்டி தபாலில் வந்தது. மச்சாள் மேல் நம்பிக்கை இல்லை என்று, உறையை ஒட்டித் தபாலில் போட அக்கா என்னைத்தான் கூப்பிட்டார். சாப்பாட்டு மேசையில் அண்ணாவும் சின்னவளும் உட்கார்ந்திருந்தார்கள். பஞ்சுக் குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்க்க வேண்டும். குழந்தை ஆ என்று வாயைத் திறந்தாள். "வாட்ஸ் திஸ் ஃபோர், அப்பா?" என்று கேட்டாள். அண்ணா தரையைப் பார்த்தார். "உங்கடை தலைமயிர் ஏன் இப்பிடி இருக்கு எண்டு பாக்கத்தான்" என்று அக்கா பதில் சொன்னார். நான் உறையை நாக்கால் நனைத்து ஒட்டினேன். அந்தப் பசையின் ருசி என் வாயில் எத்தனையோ நாள் இருந்தது.

முடிவு வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அண்ணா பிள்ளையைத் தூக்கவில்லை. திட்டவில்லை, விலக்கவில்லை. அவள் மடியில் ஏற வந்தால் ஏதோ வேலை இருப்பது போல எழுந்துகொள்வார், அவ்வளவுதான். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது புரியாதா? ஸ்ட்ரெயிட்னரைத் தானே எடுத்துக்கொண்டு போய் அம்மாவிடம் நீட்டுவதை நான் பார்த்தேன். காலையில் ஒருமுறை இழுத்தது போதாமல் சாயங்காலமும் நீட்டினாள். நான் அப்போதும் சொல்லவில்லை. என்னை நானே மன்னிக்காத விஷயம் இது ஒன்றுதான்.

முடிவு வந்தது. அண்ணாவின் பிள்ளைதான். வேறு எப்படி இருக்கும்? அண்ணா தாளைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். "என்னை மன்னிச்சுக்கொள்ளும்" என்று அக்காவிடம் எத்தனை முறை சொன்னார் என்று தெரியாது. மெல்பனுக்குத் திரும்பிவிட்டிருந்த மச்சாள் ஒரு பட்டுச்சேலை அனுப்பினார், நேரில் வரவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அண்ணாவின் குரல் எழுந்து நான் கேட்கவில்லை. அக்கா சொன்னதற்கெல்லாம் ஓம், ஓம் என்றார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா சமையலறையில் தனியாக நின்று ஸ்ட்ரெயிட்னரை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"ஏன்க்கா இப்படிச் செஞ்சீங்க? அன்னைக்கே ஒரு செம்பு தண்ணிய எடுத்துத் தலையில ஊத்தியிருந்தா, அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்குமே?"

அக்கா துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஊத்தியிருந்தா, பன்ரெண்டு வருஷம் ஏமாத்தினவள் நான். இப்ப பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டவர் அவர்." துணியை மடித்து வைத்தார். "இனி நான் அவருக்குப் பயப்பிடத் தேவையில்லை பிள்ளை."

எவ்வளவு நிதானமாக யோசித்திருக்கிறார். வாசலில் கைப்பை விழுந்ததற்கும் அந்தச் சொல்லைச் சொன்னதற்கும் இடையில் இருந்த அரை நிமிடத்தில் இதையெல்லாம் யோசித்துவிட்டார். சின்னவளை அந்தக் கணக்கில் எங்கே வைத்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்பதற்குள் அவளே உள்ளே வந்துவிட்டாள். அப்போதுதான் முழுகியிருந்தாள். தோளெல்லாம் ஈரம்.

"அம்மா, அந்த டெஸ்ட் ரிசல்ட் வந்திட்டுதாமே. டிட் மை ஹேர் பாஸ்?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை.

"ஓம், பாஸ்" என்றார். ஸ்ட்ரெயிட்னரைச் சுவர் பிளக்கில் செருகினார்.

சின்னவள் கதிரையில் ஏறி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே, சூடு படாமல் இருக்கத் தன் காதைத் தானே மடித்துப் பிடித்துக்கொண்டாள்.